சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் விண்வெளியில் எங்கே சறுக்குது?

[திரை: கருப்பு. தூரத்தில் ஒரு விண்கலம் வெடித்துச் சிதறுகிறது. சத்தமே இல்லை.]

விண்வெளியில ஒரு கலம் வெடிச்சா இப்படித்தான் இருக்கும். சத்தம் பரவ காற்று மாதிரி ஒரு ஊடகம் வேணும், அங்கே அது கிடையாது. இது உங்கள்ல பல பேருக்குத் தெரியும், அதனால இதோட விட்டுடலாம். ஆனா இந்தத் தப்பு எங்கேருந்து வருதுன்னு யோசிச்சா, மத்த தப்புகளும் ஒவ்வொண்ணா பிடிபடும். பிறந்ததுலேர்ந்து நாம காற்றுக்குள்ளேதான் வாழுறோம், கீழே இழுக்குற எடையோடதான் நடக்குறோம். படம் எடுக்குறவங்களும் அப்படித்தான். அந்தப் பழக்கம் அவங்க கதையோட சேர்ந்து விண்வெளிக்கும் ஏறிப் போயிடுது.

முதல்ல மனுஷ உடம்பு. 2000-ல் வந்த 'மிஷன் டு மார்ஸ்' படத்துல ஒரு வீரர் ஹெல்மெட்டைக் கழட்டுறார். கழட்டின நொடியே முகம் உறைஞ்சு போகுது. விண்வெளி குளிர்தானே, உறையாதான்னு தோணும். ஆனா நம்ம உடம்புச் சூட்டை வேகமாப் பறிக்கிறது சுத்தி இருக்குற காற்றும் தண்ணியும்தான். ரெண்டும் இல்லாத இடத்துல சூடு கதிர்வீச்சா மெதுவாத்தான் வெளியே போகும். பிளாஸ்க் சுவருக்கு நடுவுல வெற்றிடம் வைக்கிறதே இதுக்காகத்தான்.

சரி, நிஜத்துல என்ன ஆகும்? அதுக்குச் சாட்சி இருக்கு. 1966 டிசம்பர், ஹூஸ்டன். நாசாவோட வெற்றிட அறைக்குள்ள ஜிம் லெப்ளாங்க் ஒரு விண்வெளி உடையைச் சோதிச்சுக்கிட்டு நிக்கிறார். உடைக்கு அழுத்தம் கொடுக்குற குழாய் கழண்டுடுது. சுமார் 14 நொடியில நினைவு போய் பின்னால சாயுறார். உடனே அறைக்குள்ள காற்றை நிரப்பினாங்க, பிழைச்சுக்கிட்டார். நினைவு தப்புறதுக்கு முன்னால அவர் கடைசியா உணர்ந்தது, நாக்கு மேல எச்சில் குமிழி விட ஆரம்பிச்சதை. அழுத்தமே இல்லாத இடத்துல தண்ணி கொதிக்க நம்ம உடம்புச் சூடே போதும். எந்தப் படத்துலயும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. முகம் உறையுறதை விட இது எனக்கு ரொம்ப பயங்கரமா இருக்கு.

இந்த நிலைமையில மூச்சை அடக்கவே கூடாது. உள்ளே இருக்குற காற்று விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும். 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வெற்றிடத்தோட நிசப்தத்தை அவ்வளவு சரியாக் காட்டின படம். அதுலயே ஹெல்மெட் இல்லாம கலத்துக்குள்ள பாயுற வீரர் மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் தாவுறார்.

[திரை: பூமியைச் சுற்றி இரண்டு வளையங்கள். ஒன்று அதிகம் சாய்ந்தது, இன்னொன்று குறைவாக.]

இப்போ 2013-ல் வந்த 'கிராவிட்டி'. ஹப்பிள் தொலைநோக்கியைச் சரி பண்ணப் போன இடத்துல விபத்து. முதுகுல மாட்டின உந்துகருவியை வெச்சுக்கிட்டு ரெண்டு பேர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போறாங்க. திரையில அது பக்கத்துல தெரியுது. ஆனா ஹப்பிளோட பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரி சாய்வு, நிலையத்தோட பாதை 51.6 டிகிரி. ரெண்டுமே நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாற, குறைஞ்சது நொடிக்கு 3 கிலோமீட்டர் வேக மாற்றம் வேணும். 1984-ல் வீரர்கள் நிஜமாவே மாட்டிப் பறந்த உந்துகருவி மொத்தமாவே கொடுத்தது நொடிக்குச் சுமார் 25 மீட்டர்!

நாசாவாலயே இதைச் செய்ய முடியாது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்கலம் ஹப்பிளைப் பழுதுபார்க்கக் கிளம்பினப்போ, இன்னொரு ஏவுதளத்துல எண்டெவர் தயாரா நின்னுச்சு. ஏதாவது ஆச்சுன்னா விண்வெளி நிலையத்துல போய்த் தங்கலாம்ங்கிற வழி அவங்களுக்கு இல்லை. பூமியிலேர்ந்து இன்னொரு கலம் போய்த்தான் காப்பாத்தணும்.

தூரத்தைக் கூட நான் மன்னிச்சிடுவேன். ஆனா அந்தக் கயிறு காட்சி? நிலையத்தோட கயிறுல ஒருத்தர் சிக்கி, இன்னொருத்தரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். கயிறு இறுகி ரெண்டு பேரும் நின்னுட்ட மாதிரிதான் திரையில தெரியுது. அப்புறமும் ஏதோ ஒண்ணு அந்த இன்னொருத்தரை இழுத்துக்கிட்டே இருக்கு, அவர் தன்னைக் கழட்டி விட்டுச் சாகுறார். மலை உச்சியில தொங்குறவரைப் பூமி இழுக்கும். ஆனா இங்கே ரெண்டு பேரும், நிலையமும் சேர்ந்தேதான் பூமியைச் சுத்தி விழுந்துக்கிட்டு இருக்காங்க. அவரைத் தனியா இழுக்க விசையே இல்லை. கயிற்றை லேசா ஒரு சுண்டு சுண்டினா அவர் மிதந்து பக்கத்துல வந்திருப்பார். ஒரு உயிர்த் தியாகத்தையே இந்தத் தப்பு மேல கட்டினதுதான் எனக்கு வருத்தம்.

[திரை: செவ்வாய்ப் புழுதிப் புயல்.]

'தி மார்ஷியன்', 2015. புயல் ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்குது. செவ்வாயில காற்றழுத்தம் பூமியில இருக்குறதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்லை. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வீசினாலும், இங்கே 13 கிலோமீட்டர் வேகத்துல வீசுற இளங்காற்று அளவுக்குத்தான் தள்ளும். கதையை எழுதின ஆண்டி வியருக்கே இது தெரியும், வெளிப்படையாச் சொல்லியும் இருக்கார். ஆனா செவ்வாய்ப் புயல் ஆபத்தே இல்லாததுன்னு நினைச்சுடாதீங்க. 2018-ல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தியை முடிச்சது ஒரு புழுதிப் புயல்தான். அது எதையும் தள்ளலை. வானத்தை மூடி சூரிய ஒளியை மறைச்சுது, ஊர்திக்கு மின்சாரம் நின்னு போச்சு.

கடைசியா, தெரிஞ்சே பண்ணின ஒரு தப்பு. 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' கருந்துளையை இயற்பியலாளர் கிப் தார்ன் கொடுத்த சமன்பாடுகளை வெச்சுத்தான் வரைஞ்சாங்க. சுத்தி ஒளிருற தட்டு ரெண்டு பக்கமும் ஒரே பிரகாசமா இருக்கும். உண்மையில நம்ம பக்கம் சுழன்று வர்ற பாதி பளிச்சுன்னும், விலகிப் போற பாதி மங்கலாவும் தெரியணும். பார்க்குறவங்க குழம்பிடுவாங்கன்னு அதை விட்டுட்டாங்க. 2019-ல் எம்87 விண்மீன் மண்டலத்தோட கருந்துளைப் படம் வந்தப்போ, வளையத்துல ஒரு பக்கம்தான் பளிச்சுன்னு இருந்துச்சு. படத்துல விட்டுட்ட அந்த வடிவத்தை தார்னும் கிராஃபிக்ஸ் குழுவும் 2015-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரையில வெளியிட்டிருக்காங்க. தேடி எடுத்து, படத்துல வர்ற கருந்துளைக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.