சேர்ந்து இருக்கும் ஒருசந்தி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

புதன்கிழமை நெற்றியில் பூசிய சாம்பல் அழிந்துவிட்டது. தவக்காலம் தொடங்கி இன்று மூன்றாம் நாள். இந்த வாரம் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த சபையில், சில ஆண்கள் சேர்ந்து இருக்கும் ஒருசந்தியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பேசுங்கள் என்றார்கள்.

ஒருசந்தி என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். நான் சிறுவனாக ஞானோபதேசம் படித்தபோது ஒருசந்தியும் சுத்தபோசனமும் இணைபிரியாத இரட்டைச் சொற்களாகவே காதில் விழும். நாளுக்கு ஒரே ஒரு முழு உணவு கொள்வது ஒருசந்தி. இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். திருச்சபையின் பழைய சட்டப்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதுமே ஒருசந்திதான். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சட்டத்தைத் தளர்த்தினார். இன்று கட்டாய ஒருசந்தி இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர்களுக்கு அது 59 வயது வரை கடமை. மற்ற நாட்களில் செபம், தர்மம், தன்னொறுத்தல் இவற்றில் எதைச் செய்வது என்பதை விசுவாசிகளே மனமுவந்து தேர்ந்துகொள்ளட்டும் என்பதுதான் திருத்தந்தையின் எண்ணம். உயர்ந்த எண்ணம் அது, அதில் நான் குறை காணவில்லை. ஆனால் ஊரே சேர்ந்து செய்தது அவரவர் விருப்பமாக ஆனபோது, ஒன்று கைநழுவிப் போயிற்று. என் தாத்தா ஒருசந்தி இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார், கடைக்காரரும் இருந்தார். நான் இருக்கும்போது எனக்குத் துணையென்று யாருமில்லை.

ஆண்களுக்கு இது இன்னும் கடினம். எங்கள் கோவிலில் வெள்ளி மாலை சிலுவைப்பாதைக்கு, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாகத் தியானிக்கும் செபத்துக்கு, வந்து பாருங்கள். உள்ளே முழங்காலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் வாசற்படியில், பைக்கில் சாய்ந்தபடி நிற்போம். நானும் பல ஆண்டுகள் அப்படி நின்றவன்தான். வீட்டில் அம்மா ஒருசந்தி இருப்பார், பிறகு மனைவி இருந்தார். குடும்பத்துக்காக யாரோ ஒருவர் இருந்தால் போதும் என்று நினைத்தேனோ என்னவோ.

என்னை உலுக்கியவர் எதிர்வீட்டு நண்பர். அவர் கிறிஸ்தவர் அல்லர். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் ஒரு மண்டலம், 41 நாள், விரதம். காலையும் மாலையும் குளியல், வெறுங்கால் நடை, தரையில் படுக்கை. குருசாமியின் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அவர் மட்டுமா? ஒரே குழுவில் பதினைந்து பேர், ஒருவரையொருவர் சாமி என்றே அழைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அவரிடம், எப்படி முடிகிறது என்று கேட்டேன். "தனியாக இருந்தால் மூன்றாம் நாளே கழற்றியிருப்பேன் சார்" என்றார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற நம் ஆட்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கால் கொப்புளித்த பிறகும் அவர்களை நடக்க வைப்பது பக்கத்தில் நடப்பவன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகவாட்டம் காட்டாதீர்கள், தலையில் எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவுங்கள், நீங்கள் நோன்பிருப்பது மனிதருக்குத் தெரிய வேண்டாம், மறைவாய் உள்ள தந்தைக்குத் தெரிந்தால் போதும் என்கிறார் ஆண்டவர். அப்படியிருக்க, ஏழெட்டுப் பேர் கூடி, நான் இதை விட்டேன், நீ எதை விட்டாய் என்று பேசிக்கொள்வது எப்படிச் சரியாகும்? எங்கள் குழு தொடங்கிய முதல் வாரமே இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடித்தான் நான் பழைய துறவிகளின் வரலாற்றுக்குள் போனேன்.

எகிப்தில் வனத்து அந்தோணியார் தனிமையில் தவம் செய்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே நைல் ஆற்றங்கரையில் வேறொருவர் வேறு வழியைத் திறந்தார். அவர் பெயர் பக்கோமியுஸ். இளைஞராக இருந்தபோது ரோமப் படைக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியில் ஓர் ஊரில் அடைத்து வைத்திருந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர்கள் யார் என்று விசாரித்தார். கிறிஸ்தவர்கள் என்று பதில் வந்தது. படையிலிருந்து விடுபட்டதும் திருமுழுக்குப் பெற்று, பலமோன் என்ற முதிய துறவியிடம் பயின்று, ஏறத்தாழ 320-இல் தபென்னேசி என்ற இடத்தில் துறவிகள் சேர்ந்து வாழும் மடத்தைத் தொடங்கினார். ஒரே மதில், ஒரே செப நேரம், ஒரே பந்தி, எல்லோருக்கும் கைத்தொழில். இறைவனை அவர் முதன்முதலில் அறிந்ததே யாரோ கொண்டுவந்த சாப்பாட்டின் வழியாக. தனிக்குகைத் தவம் அவருக்குப் போதாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

அந்த மடத்தில் பாய் முடைவது ஒரு வேலை. நாளுக்கு ஒரு பாய் என்பது கணக்கு. ஒரு சகோதரர் ஒரு நாள் இரண்டு பாய் முடைந்துவிட்டார். முடைந்ததோடு விடவில்லை, பக்கோமியுஸ் மூத்த துறவிகளோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரெதிரே, அவர் கண்ணில் படும்படியாக இரண்டையும் கொண்டுபோய் வைத்தார். பக்கோமியுஸ் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து இந்நேரம் வரை பாடுபட்டு, உழைப்பு முழுவதையும் சாத்தானுக்குக் கொடுத்துவிட்டாரே, தம் ஆன்மாவுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்று வருந்தினார். சகோதரர்கள் செபிக்கும் இடத்திலும் உண்ணும் இடத்திலும் அந்த இரண்டு பாய்களோடு நின்று, விண்ணரசைவிட இவற்றைப் பெரிதாக நினைத்துவிட்டேன், எனக்காகச் செபியுங்கள் என்று கேட்கச் சொன்னார். பிறகு ஐந்து மாதம் தனியறை. அங்கே நாளுக்கு இரண்டு பாய் முடைய வேண்டும், பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

கடுமையான தண்டனைதான். ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். அந்த ஆண்டு நான் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தேன். நாற்பது நாளுக்கும் நாற்பது கட்டம். வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும், இரவு ஒன்பதுக்குப் பிறகு கைபேசி இல்லை, விடிகாலை ஐந்து மணிக்கு அரைமணி நேர விவிலிய வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு குறி. மூன்றாம் வாரக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போனேன். எடுத்துப் போக வேண்டிய அவசியமே இல்லை. விரித்தபடி மடியில் வைத்திருந்தேன், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படட்டும் என்று. அந்தச் சகோதரர் கொண்டுபோய் வைத்த பாய்கள் வேறு, என் நோட்டு வேறு அல்ல.

புனித பெனடிக்ட் இதை அறிந்திருந்தார். நம் பக்கத்தில் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் அதே புனிதர். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒழுங்குமுறையில் 73 அதிகாரங்கள். அதில் 49-ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது, அரைப் பக்கம்கூட வராது. துறவியின் வாழ்வு எந்நாளும் தவக்காலமாகவே இருக்க வேண்டும், ஆனால் அந்த வலிமை சிலருக்கே உண்டு என்று தொடங்குகிறார். இந்த நாட்களில் உணவு, பானம், உறக்கம், பேச்சு, கேலி இவற்றில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எதையேனும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எதைச் செய்யப் போகிறோம் என்பதை மடத்துத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய செபத்தோடும் ஒப்புதலோடும் செய்ய வேண்டும். ஒப்புதல் இல்லாமல் செய்வது துணிச்சலாகவும் வீண்பெருமையாகவும் எண்ணப்படும், நற்பலனாகக் கணக்கில் வராது.

ஓட்டுநரின் கேள்விக்கு விடை இங்கே இருந்தது. ஊருக்குக் காட்டுவது ஒன்று, ஒருவரிடம் சொல்லி அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடத் தயாராக இருப்பது வேறொன்று. நற்செய்தி கண்டிப்பது முதலாவதை. இரண்டாவதில் நாம் நம் தவத்தையே இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். மறைவாகச் செய்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் மறைவாக விட்டும்விடுகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

சொல்லாமல் செய்வதில் ஆபத்தும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் சர்க்கரை நோயாளி. அதை யாரிடமும் சொல்லாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு சிலுவைப்பாதைக்கு வந்துவிட்டார். எட்டாம் ஸ்தலத்தில் கண் இருட்டிச் சாய்ந்தார். நோயாளிகளை ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்தாது. பங்குத்தந்தை அவரை உட்கார வைத்து, உங்களுக்கு ஒருசந்தி வேண்டாம், அதற்குப் பதிலாக இரவுச் செய்திச் சண்டைகளைப் பார்க்காதீர்கள் என்றார். முன்னதைவிட இது கடினமாக இருக்கிறது என்று அவர் பிறகு எங்களிடம் சொன்னார்.

இதே தேவை அமெரிக்காவிலும் உணரப்பட்டிருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் எமிட்ஸ்பர்க் குருமடத்தில் உருவாகி, கடந்த பத்தாண்டுகளில் பங்குகளுக்குள் பரவிய 'எக்ஸோடஸ் 90' என்ற பயிற்சி அது. தொண்ணூறு நாள். இஸ்ரயேலர் எகிப்திலிருந்து வெளியேறிய விடுதலைப் பயண நூலைத் தியானித்தபடி நாள்தோறும் செபம். மது இல்லை, இனிப்பு இல்லை, தொலைக்காட்சி இல்லை, கைபேசி தேவைக்கு மட்டும், பச்சைத்தண்ணீர்க் குளியல். ஐந்து முதல் ஏழு ஆண்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். அதற்கு மேல், ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. அவரோடு தினமும் ஒருமுறையாவது பேசியாக வேண்டும். அதன் பெயரே நங்கூரம். தனியறையில் திரைக்கு அடிமைப்பட்டு, வெளியே சொல்லவும் முடியாமல் தவித்த பலர் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

அப்படியே எடுத்து இங்கே நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மார்ச் மாத வெயிலில் பச்சைத்தண்ணீர்க் குளியல் நமக்குத் தவமாகாது, அது சுகம். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. ஆனால் அந்த நங்கூரத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்தோம். காலை ஐந்து மணிக்கு ஒருவர் மற்றவரை அழைப்பார். எழுந்துவிட்டீர்களா, நேற்று எப்படி? இவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் மாதா சொரூபம் இருக்கும் கெபியின் பக்கத்தில் உள்ள சிமெண்ட் திண்ணையில் உட்காருவோம். பகல் முழுதும் வெயில் குடித்த திண்ணை, ஏழு மணிக்கும் சூடு தணிந்திருக்காது. போன தவக்காலத்தின் நான்காவது வெள்ளி. பைக் மெக்கானிக் தம்பி ஒருவர் உண்டு, நாற்பது நாள் குடிப்பதில்லை என்று சொல்லிச் சேர்ந்தவர். அன்று தாமதமாக வந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. கடைசியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்பைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவர் முறை வந்ததும், "நேற்று குடித்துவிட்டேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்து அரசமரத்தில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் உபதேசம் செய்ய வாயெடுத்தேன். அதற்குள் ஓட்டுநர், "இன்று ராத்திரி எங்கே சாப்பாடு? வீட்டுக்கு வா, கஞ்சியும் துவையலும்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து மாலை ஏழரைக்கு, பட்டறை பூட்டும் நேரத்தில், எங்களில் ஒருவர் அங்கே போய் நிற்பது என்று ஏற்பாடு. மதுக்கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையில் அவரோடு வீடு வரை நடப்போம். இருபது நிமிடம் ஆகும். பெரும்பாலும் வண்டிகளைப் பற்றித்தான் பேசுவார். என் நோட்டில் இதற்குக் கட்டம் கிடையாது. நோட்டையும் அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவரின் மனைவி பங்குத்தந்தையிடமே முறையிட்டார். அவர் ஒருசந்தி இருக்கும் நாளில் வீட்டில் யாரும் வாய் திறக்க முடிவதில்லை, அவருக்கென்று தனியாகச் சமைக்கவும் வேண்டியிருக்கிறது என்றார். அந்தச் சகோதரி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைக் கஞ்சியை ஆண்கள் நாங்களே வைப்பது, பாத்திரத்தையும் நாங்களே கழுவுவது என்று முடிவாயிற்று. அன்று சாப்பாட்டில் மீந்த காசு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையின் உண்டியலுக்குப் போகிறது.

மெக்கானிக் தம்பி மீதி நாட்களைக் கடந்தாரா என்று கேட்பீர்கள். பெரிய வியாழனன்று மறுபடி ஒருமுறை தவறினார். பெரிய வெள்ளி காலை ஐந்து மணிக்கு அவரே என்னை அழைத்துச் சொன்னார். அன்று கோவிலில் கஞ்சி கிண்டும் பெரிய துடுப்பை அவரிடம்தான் கொடுத்தோம்.

இன்று காலையும் அழைப்பு வந்தது. இந்த ஆண்டு அவர் இன்னொருவரையும் கூட்டி வருகிறாராம், பட்டறையில் கூட வேலை செய்யும் பையன். ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை தொடங்குகிறது. நானும் கிளம்ப வேண்டும்.

வணக்கம்.