200 கிரேன்னு எழுதினா விதைக்கு 200 கிரே போயிடுச்சா?

வணக்கம் மக்களே. மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளர்ந்து மழைக்காத்துல சாஞ்சிடும். அதைக் குட்டையாக்க, நம்ம டெல்டா பக்கத்துப் பசங்க நிறைய பேர் விதைக்குக் காமா கதிர் கொடுக்குறீங்க. ஆனா டோஸை, அதாவது விதை வாங்கின கதிரோட அளவை (அலகு கிரே), யாரும் அளக்கறதில்ல. கதிர் கொடுக்குற சேம்பர்ல ஒட்டின டோஸ் ரேட்டை (நிமிஷத்துக்கு எத்தனை கிரே) நிமிஷத்தால பெருக்கி எழுதிடறீங்க. சேம்பர்ல கதிரைக் கொடுக்குற கோபால்ட்-60 மாசம் 1.1 சதவீதம் குறையும், வருஷத்துக்கு 12. போன வருஷத்துச் சீட்டை நம்பவே கூடாது.

40-லேர்ந்து 400 கிரே வரைக்கும் அளக்க ஃப்ரிக்கே கரைசல் போதும், கதிர் பட்டா ஒளியை உறிஞ்சுற அளவு கூடுற இரும்புக் கரைசல் அது. ரெண்டு தடவை காய்ச்சி வடிச்ச தண்ணியில 22 மில்லி அடர் சல்ஃபியூரிக் ஆசிட்டை மெதுவா விட்டு, மோர் உப்பு (Mohr's salt, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) 0.392 கிராம், சோடியம் குளோரைடு 0.058 கிராம் போட்டு ஒரு லிட்டராக்குங்க. கண்ணாடிக் குப்பிதான் வேணும். ரப்பர் மூடி, சோப்பு மிச்சம் எதுவும் ஆகாது. கரிமப் பொருள் துளி கலந்தாலும் அளவு ஏறிடும். 400-ஐத் தாண்டினா கரைசல்ல ஆக்ஸிஜன் தீர்ந்து அளவு இறங்கும்.

இந்தக் குப்பியைப் பாருங்க, கதிர் பட்டும் தண்ணி மாதிரியேதான் இருக்கு. மாற்றம் தெரியறது கண்ணுக்குத் தெரியாத 304 நானோமீட்டர் புற ஊதா ஒளியில, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல வச்சுப் பார்க்கணும். அதனால கரைசலை ஊத்தி அளக்க குவார்ட்ஸ் க்யூவெட் (சின்னக் குப்பி) போடுங்க, சாதாக் கண்ணாடி அந்த ஒளியை விடாது. கதிர் பட்ட கரைசல் ஒளியை உறிஞ்சுற அளவுலேர்ந்து கதிர் படாத கரைசலோட அளவைக் கழிச்சு, மிச்சத்தை 278-ஆல பெருக்கினா கிரே.

இங்கதான் நம்ம ஊர் வெயில் ஏமாத்தும். அந்த 278, 25 டிகிரிக்கான எண். அளக்குற சூடு ஒரு டிகிரி ஏறினா அளவு 0.7 சதவீதம் கூடும். ஏசி இல்லாத லேப்ல 34 டிகிரியில 0.72 வந்தா 200 கிரேன்னு எழுதுவீங்க. உண்மையில போனது 188 தான்.

அடுத்தது, பெட்டி சேம்பருக்குள்ள இறங்கி ஏறுற நேரம், அப்பவும் கதிர் படும். 1, 2, 3, 4 நிமிஷம் வச்சு அளந்து, நேரத்துக்கு எதிரா டோஸைக் குறிச்சு கோடு போடுங்க. கோடு பூஜ்யத்துல தொடங்காது. பூஜ்ய நிமிஷத்துல 6 கிரே இருந்தா, 100 கிரேக்கு 94-க்கான நேரம்தான் வைக்கணும்.

விதைப் பையோட மேல, நடுவுல, கீழ ஒவ்வொரு குப்பி வைங்க. மூணும் ஒத்துப்போகலைன்னா பையைச் சின்னதாக்குங்க.

டோஸ் சரியா இருந்தும் முளைப்பு தடுமாறினா விதை ஈரத்தைப் பாருங்க. 60 சதவீத கிளிசரால் வச்ச டெசிகேட்டர்ல (காத்துப் புகாத மூடின கண்ணாடி ஜாடி) ஒரு வாரம் வச்சா 12–14 சதவீதத்துல நிக்கும். அதுக்கப்புறம் சேம்பருக்கு அனுப்புங்க.