குட்டை வாளை வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்

நண்பர்களே, விற்பனை மேசையில் குட்டை வாள் ஒன்று கிடக்கிறது: பித்தளைப் பிடி, இருபுறமும் கூருள்ள நேரான அலகு. விற்பவர் "நெப்போலியன் காலத்துப் பொருள்" என்கிறார். பிடி முழுக்க வளையம் வளையமாக வரிகள் இருந்து, பிடிக்கும் அலகுக்கும் இடையே உள்ள குறுக்குக் காப்பின் இரு முனைகளும் வட்டமாக முடிந்தால், அது அநேகமாகப் பிரெஞ்சுக் காலாட்படையின் 1831 மாதிரி. நெப்போலியன் 1821-லேயே காலமாகிவிட்டார்!

அவருடைய காலாட்படை வைத்திருந்தது ஒற்றைக் கூரும் லேசான வளைவும் உள்ள வாள். பிடியும் விரல்களைக் காக்கும் வளைவும் ஒரே பித்தளை வார்ப்பு. பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின் 9ஆம் ஆண்டு (1800–01) மாதிரியில் பிடியில் 36 வரிகள், 11ஆம் ஆண்டு (1802–03) மாதிரியில் 28. நகத்தால் வருடியபடியே எண்ணிவிடலாம். விற்பவரின் கதையைக் கேட்கும் முன் இதைச் செய்யுங்கள்.

அமெரிக்கக் காலாள் பீரங்கிப் படையின் 1832 மாதிரியில் வரிகளுக்குப் பதில் மீன் செதில் வடிவம், பிடியின் உச்சிக் குமிழில் கழுகு, பிடியை ஊடுருவும் மூன்று தறையாணிகள், 19 அங்குல அலகு. மாசசூசெட்ஸின் ஏம்ஸ் தொழிற்சாலை செய்தவற்றில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் அலகிலேயே இருக்கும். படைக்கு வழி செப்பனிடும் பிரிட்டிஷ் முன்னோடிப் படையினரின் 1856 மாதிரியைக் குழப்பிக்கொள்ளவே முடியாது; அதன் முதுகில் ரம்பப் பற்கள்.

போலிகள் அதிகம் நடமாடுவது அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்மாநில வாள்களில்தான். அசல் பிடியை அச்சாக வைத்து மணலில் வார்த்தால் ஒரு தடயம் நிச்சயம் எஞ்சும். பித்தளை ஆறும்போது ஏறக்குறைய 1.5 சதவீதம் சுருங்கும். எனவே அசலில் 10 செ.மீ. உள்ள காப்பு, நகலில் 1.5 மி.மீ. குறைந்து வரும். சாதாரண அளவுநாடாவை இதற்கு நம்ப முடியாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். செதில்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, பள்ளங்களில் மணல் பதிந்த சிறு புள்ளிகள் உள்ளனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஆனால் நெடுநாள் தேய்த்துத் துலக்கிய அசலிலும் விளிம்பு மழுங்கும். அதனால் அளவு, வார்ப்பு இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

போலியைவிட ஏமாற்றுவது உடைந்த நெடுவாளை வெட்டிக் குட்டையாக்கியது. அலகின் நீளவாட்டுப் பள்ளத்தைக் கவனியுங்கள். முனைக்கு முன்பே அது ஆழம் குறைந்து மறைவதுதான் வழக்கம். முனை வரை முழு ஆழத்தில் ஓடி அறுபட்டதுபோல் நின்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து குமிழின் உச்சி. பிடிக்குள் நுழைந்து வரும் அலகின் வால் அங்கே சம்மட்டியால் அடித்து முடக்கப்பட்டிருந்தால், அந்த இரும்பும் சுற்றியுள்ள பித்தளையும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். சுத்தியல் தடம் பளிச்சென்று இருந்தால், ஒரு வாளின் பிடியில் இன்னொன்றின் அலகைச் செருகியிருக்கலாம். உறையில் அலகு முழுதாக இறங்கவில்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள். பழைய தோல் சுருங்கும்.

வாங்கியபின் கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். கம்பித் தூரிகையும் பித்தளைப் பாலிஷும் வேண்டாம். தயாரிப்பாளர் முத்திரையும் பரிசோதகர் எழுத்துகளும் அத்தோடு தேய்ந்து போகும். இரும்பில் இறுகிப் படிந்த கரும்பழுப்பை விட்டுவிடலாம். தொட்டால் உதிரும் செந்துருவை மட்டும் எண்ணெயும் மிக மெல்லிய எஃகுக் கம்பளியும் கொண்டு எடுங்கள். எண்ணெயைத் துடைத்தபின் நுண்படிக மெழுகு பூசுங்கள். பித்தளை தோலோடு சேருமிடத்தில் வரும் பச்சைக் களிம்பை மரக்குச்சியால் சுரண்டினால் போதும்.

அலகைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து, துருவை உள்ளேயே வளர்க்கும். உறையின் வடிவம் குலையாமலிருக்க, அலகின் அளவுக்கு மரச்சட்டம் செதுக்கிச் செருகி, வாளைத் தனியே வையுங்கள். ஓக் மரம் மட்டும் வேண்டாம், அதிலிருந்து கசியும் அமிலம் உறையின் பித்தளைப் பூண்களை அரிக்கும்.