சைக்கிளில் கூரியர்: கிளிநொச்சி நகருக்குள் தொடங்குவது எப்படி?

[காட்சி: ஏ9 வீதி, காலை. கரடிப்போக்குச் சந்தியில் ஒரு சைக்கிள் திரும்புகிறது.]

வணக்கம். மோட்டார் சைக்கிள் கூரியரோடு சைக்கிள் போட்டி போடலாமா? வேகத்தில் முடியாது. கொழும்பு நெரிசலில் என்றால் புகுந்து முந்திவிடலாம்; வன்னியில் நெரிசலே இல்லையே. தூரத்துப் புதுக்குடியிருப்புக்குப் பார்சல் வந்தால் மோட்டார் சைக்கிள்காரருக்கே விட்டுவிடுங்கள்.

நமக்குரியது சின்ன வட்டம். கரடிப்போக்கிலிருந்து 155ஆம் கட்டை (மைல்கல்) வரை, பக்கத்தில் உதயநகர், திருநகர், கனகபுரம். இதற்குள் மோட்டார் சைக்கிள் ஐந்து, பத்து நிமிடம் முந்தும். அந்தப் பத்து நிமிடத்துக்காக மருந்துக்கடைக்காரர் மேலதிகக் காசு தரமாட்டார்.

செலவில்தான் நாம் வெல்கிறோம். பெற்றோல் இல்லை, காப்புறுதி இல்லை, சாரதி லைசென்ஸ் தேவையில்லை. மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் தவணை கட்டிக் கட்டியே களைத்துப்போன எத்தனை குடும்பங்கள் இங்கே! அந்த வீட்டுப் பிள்ளைகள் கடனில்லாமல் தொடங்கக்கூடிய தொழில் இது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பெற்றோலைப் பங்கிட்ட கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தொடக்கத்தில் கிடைத்தது. சைக்கிள்காரர் அந்தப் பெற்றோல் வரிசையில் நிற்கவேண்டியிருக்கவில்லை. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகு, நெல்மூட்டை, நோயாளி என்று வன்னியைச் சுமந்ததும் இதே சைக்கிள் கரியர்தான்.

சரி, எப்படி ஓடுவது? பார்சலுக்கு ஒரு ஓட்டம் என்று ஓடினால் கட்டாது. காலையில் ஒரு சுற்று, வெய்யில் தாழ இன்னொரு சுற்று. மருந்துக்கடை, புத்தகக்கடை, தையல்கடைகளோடு மாதக் கட்டணம் பேசுங்கள். வீட்டில் கேக் செய்கிற அக்காமாரும் கேட்பார்கள். கிறவல் ஒழுங்கையில் கேக் தாங்காது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: பின்கரியர், மிக அருகில்.]

பெட்டியைக் கயிற்றால் கட்டாதீர்கள், குலுங்கக் குலுங்கத் தளரும். பழைய டியூப்பை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். பாரமானதை அடியில், சீட்டை ஒட்டி வையுங்கள். பின்னுக்குத் தள்ளினால் முன்சில்லு தூக்கும், ஹான்டில் ஆடும்.

நெருஞ்சி முள் ஏறினால் நடுரோட்டில் பிடுங்காதீர்கள். முள் இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும்; நிழலுக்குப் போகலாம். டியூப்பை ஒட்டியபின் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த முள்நுனி அங்கே நின்றால் அடுத்த சந்தியில் மறுபடி காற்றுப் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒவ்வொரு பார்சலுக்கும் இரட்டைப் பொலித்தீன்.

அப்புறம் காசு. பொருளைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவதுதான் இங்கே வழக்கம். அது கடைக்காரர் காசு. தனிப் பையில் போட்டு, கடை வாரியாகக் கொப்பியில் எழுதி, அன்று மாலையே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதில் ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த பார்சல் உங்களுக்கு வராது.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அந்தப் பத்திரம் கையில் இருந்தால் பெரிய கூரியர் கிளைகளிடமும் போய்க் கேளுங்கள்: கொழும்பிலிருந்து வருகிற பார்சல்களில், நகருக்குள் ஒழுங்கைகளுக்குப் போகவேண்டியவற்றை எங்களிடம் தருவீர்களா என்று.