நீராவி ரயில் இருக்கையில் மின்சார ரயில் எதற்கு? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர், "அமெரிக்காவில் நீராவி ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோது, 1900ஆம் ஆண்டை ஒட்டி நாட்டுப்புறத்தின் ஊடே மின்சார ரயிலுக்கெனத் தனிப் பாதை போட்டது ஏன்?" என்று கேட்டிருக்கிறார்.

நீராவி ரயில் ஊர்களை இணைத்தது. பண்ணை வீடுகளை இணைக்கவில்லை. ஒஹையோ, இண்டியானா மாநிலங்களில் விவசாயிகள் பெரும்பாலும் அவரவர் நிலத்திலேயே வீடு கட்டித் தனித்தனியே வாழ்ந்தார்கள். பனி உருகும் காலத்தில் மண்சாலை சேறாகிவிடும். குதிரை வண்டியில் தட்டுத் தடுமாறி நிலையம் சென்றாலும், சிற்றூர்களில் ரயில் நாளுக்குச் சில வேளை மட்டுமே நிற்கும். பல பெட்டிகளை இழுக்கும் நீராவி எஞ்சினை ஒவ்வொரு வயலோரமும் நிறுத்திக் கிளப்பினால் நிலக்கரியும் நேரமும் வீணாகும் என்பதால், அதை யாரும் எதிர்பார்க்கவும் முடியாது.

1888இல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய பிறகு இந்த நிலை மாறியது. மின்நிலையத்திலிருந்து உயர் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை, வழிநெடுக அமைந்த துணை நிலையங்கள் பெரும்பாலும் 600 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தலைக்கு மேலுள்ள கம்பியில் செலுத்த, ஓட்டுநரும் நடத்துநரும் மட்டுமே உள்ள ஒற்றைப் பெட்டி, பல தடங்களில் மணிக்கு ஒரு முறை ஓடியது. 'இண்டர்அர்பன்' எனப்பட்ட அந்தப் பெட்டி சாலைகள் குறுக்கிடும் இடமெல்லாம் நின்றது. இருட்டிய பிறகு ஏற வேண்டியவர், பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி ஆட்டுவார். ஓட்டுநர் அந்தச் சுடரைக் கண்டு நிறுத்துவார். எனக்கு இந்த வசதியின் முழுப் பொருளும் அந்தச் சுடரில்தான் புலப்படுகிறது. காலையில் அதே பாதையில் பால் கேன்களும் நகரத்துக்குப் போயின. ஊருக்குள் நுழைந்ததும் பெட்டி டிராம் தண்டவாளத்தில் ஏறிக் கடைவீதிக்கே சென்றதால், பண்ணைக் குடும்பத்தினர் சாமான் வாங்கிக்கொண்டு அன்றே திரும்ப முடிந்தது. 1904இல் இண்டியானாபொலிஸில் இந்தப் பெட்டிகளுக்கென்றே மாபெரும் முனையம் ஒன்று திறக்கப்பட்டது.

1910களின் நடுவில் நாடெங்கும் இவற்றின் பாதை ஏறத்தாழ 15,500 மைல் நீண்டிருந்தது. பின்னர் காரும் செப்பனிட்ட சாலையும் வந்து பயணிகளைப் பறித்துக்கொள்ள, 1930களின் முடிவுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் மூடப்பட்டன. தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்றான சவுத் ஷோர் பாதை, சிகாகோவுக்கும் சவுத் பெண்டுக்கும் இடையே இன்றும் மின்சாரத்தில் ஓடுகிறது.