டைகாஸ்ட் போர் விமானம்: பெயின்ட்டில் ஒளிஞ்சிருக்கிற தேதி

[திரையில்: ஸ்பிட்ஃபயர் மாடலின் இறக்கை விளிம்பு, மிக நெருக்கமாக]

இந்த இறக்கையோட முன்விளிம்பைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. சின்னச் சின்னதா சிவப்புத் திட்டு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. முதல் தடவை பாக்கிற நிறைய பேர் இதை அலங்காரம்னு நினைச்சுக்குவாங்க.

இது துணி. ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்ல பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். அதோட முதல் ரகமான மார்க் 1-ல எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி. அதுக்குள்ள தூசியும் ஈரமும் போகக்கூடாது. மேல போகப் போகக் குளிர் அதிகமாகும், உள்ள இருக்கிற ஈரம் உறைஞ்சா துப்பாக்கி வேலை செய்யாது. அதனால ஒவ்வொரு துளைக்கு மேலயும் ஒரு துணியை ஒட்டி, சிவப்பு டோப் (துணியை இறுக்கி மூடற ஒரு வகை வார்னிஷ்) பூசிடுவாங்க. முதல் குண்டு அதைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். திரும்பி வர்ற விமானம் தரையிறங்கும்போதே கீழே நிக்கிற ஆட்களுக்குத் தெரிஞ்சிடும்: துணி கிழிஞ்சு கரி படிஞ்சிருக்கும், திறந்த துளையில காத்து புகுந்து விசில் அடிக்கும்.

ஆக, எட்டுத் திட்டும் முழுசா இருக்கிற இந்த மாடல், இன்னும் சுடாத விமானம். சண்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நிக்குது.

டைகாஸ்ட் விமானம், அதாவது உருக்கின உலோகத்தை அச்சில வார்த்துச் செஞ்ச மாடல், சேக்கிறதில எனக்குப் பிடிச்ச விஷயமே இதுதான். நீங்க வாங்கறது 'ஸ்பிட்ஃபயர்'ங்கிற பொதுவான ஒரு ரகத்தை இல்ல. ஒரு குறிப்பிட்ட விமானம், அது ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்த கோலம். அந்த நாள் எதுன்னு பெயின்ட்டைப் பாத்தே கண்டுபிடிக்கலாம். மாடல் சரியா தப்பான்னு சொல்றதுக்கும் அதே கண்ணுதான் வேணும்.

[திரையில்: ஒரே விமானம், 1:72 மற்றும் 1:48 அளவுகளில்]

முதல்ல அளவு. கடையில அதிகமா பாக்கிறது 1:72. ஒரு அங்குலத்துக்கு ஆறு அடி, அவ்வளவுதான் கணக்கு. ஆறு அடி ஆள் அங்குல உயரத்தில நிப்பான். 1930கள்ல பிரிட்டன்ல வந்த மர மாடல்கள், பிளாஸ்டிக் மாடல்கள் இந்த அளவைப் பிரபலமாக்குச்சு. அப்புறம் போரே அதைக் கையில எடுத்துக்கிச்சு. 1942-ல அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்கள்கிட்ட 5 லட்சம் மாடல் விமானம் செஞ்சு தரச் சொல்லிக் கேட்டுது. எல்லாம் 1:72 அளவு. நம்ம விமானம் எது, எதிரி விமானம் எதுன்னு வீரர்களுக்குப் பழக்கிறதுக்கு. 10 மீட்டர் தூரத்தில அந்த மாடலைப் பிடிச்சா, நிஜ விமானம் 720 மீட்டர்ல எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

ஸ்பிட்ஃபயரோட இறக்கை, முனைக்கு முனை 11.23 மீட்டர். 1:72-ல அது 15.6 செ.மீ. 1:48-ல 23.4 செ.மீ. வித்தியாசம் சின்னதா தெரியலாம். அலமாரியில நாலு வச்ச பிறகு தெரியும். இரட்டை எஞ்சின் இருக்கிற அமெரிக்க லைட்னிங் மாதிரி ஒண்ணு 1:48-ல வாங்கினீங்கன்னா, இறக்கை மட்டும் 33 செ.மீ. ஒரே அளவுல சேருங்கன்னுதான் நான் சொல்வேன். அப்பதான் ஜெர்மனியோட மெசர்ஷ்மிட் 109 எவ்வளவு குட்டி, அமெரிக்காவோட தண்டர்போல்ட் எவ்வளவு தடிமன்னு பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்க முடியும்.

[திரையில்: அச்சில் உருக்கிய உலோகம் பாயும் வரைபடம்]

செய்யற விதம். உலோகக் கலவைக்குப் பேரு ஸமாக். பெரும்பகுதி துத்தநாகம், கிட்டத்தட்ட 4 சதவீதம் அலுமினியம், துளி மெக்னீசியம், சில வகையில கொஞ்சம் செம்பு. 1929-ல அமெரிக்காவில நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி உருவாக்குனது. சுமார் 380 டிகிரியிலயே உருகிடும், அதனால எஃகு அச்சுக்குள்ள அழுத்திச் செலுத்தலாம், அச்சும் சீக்கிரம் தேயாது.

ஒரு வேடிக்கை சொல்றேன். குண்டும் பெட்ரோலும் ஏத்தின ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஓட எடை சுமார் 2,600 கிலோ. 1:72-க்குச் சுருக்கணும்னா நீளம், அகலம், உயரம் மூணையும் 72-ஆல வகுக்கணும். கணக்குப் போட்டா வர்ற எடை 7 கிராம். கையில எடுத்ததும் 'அட, கனமா இருக்கே'ன்னு சந்தோஷப்படறோமே, அந்தக் கனம் சுத்தப் பொய். ஆனா அந்தப் பொய்க்குத்தான் நாம காசு குடுக்கிறோம், அதில எனக்கும் வருத்தம் இல்ல.

கனத்துக்கு ஒரு விலை உண்டு. உருகின உலோகத்தை ரொம்ப மெல்லிசா வார்க்க முடியாது. இறக்கையோட பின்விளிம்பு 1 மில்லிமீட்டர் தடிமனா இருந்தா, நிஜ அளவுல அது 7 சென்டிமீட்டருக்கு மேல. நிஜ விமானத்தில அது கத்தி மாதிரி இருக்கும். உடம்புத் தகடுகள் சேர்ற இடத்தைக் காட்டற பேனல் கோடும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு கீறியிருந்தா, நிஜத்தில விரல் நுழையற இடைவெளி. வாங்கும்போது முதல்ல இந்த ரெண்டையும் பாருங்க. இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல இடைவெளி தெரியுதா, பிளாஸ்டிக் பாகத்தோட நிறமும் உலோகப் பாகத்தோட நிறமும் ஒத்துப்போகுதா, அதையும் சேத்துப் பாத்துடுங்க.

[திரையில்: அமெரிக்க நட்சத்திரச் சின்னம், நான்கு வடிவங்கள் வரிசையாக]

இப்ப தேதிக்கு வருவோம். அமெரிக்க விமானத்தோட வெள்ளை நட்சத்திரம். போர் ஆரம்பத்தில அதுக்கு நடுவுல ஒரு சிவப்பு வட்டம் இருந்துச்சு. ஜப்பான் விமானத்தோட சின்னமும் சிவப்பு வட்டம். சண்டையில அரை நொடி பாக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். 1942 மே மாசம் அந்தச் சிவப்பை எடுத்துட்டாங்க. 1943 ஜூன் கடைசியில ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை சேத்து, சுத்திலும் சிவப்புக் கோடு போட்டாங்க. மறுபடியும் சிவப்பா! பசிபிக்ல இருந்தவங்களுக்கு அது பிடிக்கல. சில மாசத்துலயே கோடு நீலமாச்சு. ஆக, சிவப்புக் கோடு இருக்கிற மாடலைப் பாத்தா அது 1943-ஓட நடுப்பகுதின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

பிரிட்டிஷ்காரங்களும் இதே பயத்தில தென்கிழக்கு ஆசியாவுல தங்களோட வட்டச் சின்னத்தில இருந்த சிவப்பை எடுத்தாங்க. பர்மா முனையில பறந்த ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் மாடல்கள்ல கரு நீலமும் வெளிர் நீலமும் மட்டும் தெரியும். அச்சுப் பிழையோன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடாதீங்க.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் பட்டைகள்]

அடுத்து, எல்லாருக்கும் தெரிஞ்ச கறுப்பு வெள்ளைப் பட்டை. மூணு வெள்ளை, ரெண்டு கறுப்பு. 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் பிரான்ஸ்ல இறங்கின நார்மண்டி தரையிறக்கத்துக்காக அவங்க விமானங்கள்ல அடிச்சது. இதுக்குக் காரணம் முந்தின வருஷம் சிசிலியில நடந்த கொடுமை: தங்களோட பாராசூட் வீரர்களை ஏத்திக்கிட்டுப் போன 23 விமானத்தைத் தங்க பக்கத்து ஆட்களே சுட்டு வீழ்த்திட்டாங்க. அது மறுபடி நடக்கக் கூடாதுன்னுதான் பட்டை. ஆனா முன்னாடியே பூசினா எதிரியும் பூசிக்குவான். அதனால கடைசி நேரம் வரைக்கும் ரகசியம். உத்தரவு வந்ததும், கையில கிடைச்ச பிரஷ்ஷை வச்சு அவசர அவசரமா அடிச்சாங்க.

ஒத்தை எஞ்சின் விமானத்துக்குப் பட்டையோட அகலம் 18 அங்குலம். 1:72-ல 6.35 மில்லிமீட்டர், ஸ்கேல் வச்சு அளந்து பாக்கலாம். என் புகார் என்னன்னா, மாடல்ல அது ரேஸர் வச்சு வெட்டின மாதிரி அவ்வளவு நேரா இருக்கும். அன்னைக்கு ராத்திரி அடிச்ச பட்டைகள் பலதும் கோணல்மாணலா, ஓரம் பிசிறி இருந்துச்சு. கோணலாப் பிரின்ட் பண்ற துணிச்சல் எத்தனை கம்பெனிக்கு இருக்கும், வாங்கினவன் சும்மா விடுவானா?

இன்னொண்ணு. சில வாரத்திலயே இறக்கையோட மேல்பக்கத்துல இருந்து பட்டையை எடுக்க ஆரம்பிச்சாங்க, ஏன்னா தரையில நிக்கும்போது மேல இருந்து பாக்கிற எதிரிக்கு அது பளிச்னு தெரியும். மேலயும் கீழயும் முழுப் பட்டையோட ஒரு மாடல் இருந்தா அது ஜூன் மாச விமானம்.

[திரையில்: மஸ்டாங் மாடல், இறக்கையும் உடம்பும் மாறி மாறி]

இந்த அறிவை வச்சு ஒரு மாடலைச் சோதிச்சுப் பாப்போம். அமெரிக்கப் போர் விமானம் மஸ்டாங், பி-51டி ரகம். அச்சு செய்யறதுதான் செலவு, அதனால கம்பெனிகள் ஒரே அச்சில வார்த்து, பெயின்ட்டை மட்டும் மாத்தி மாத்தி வருஷக்கணக்கா விப்பாங்க. மஸ்டாங்கோட வாலுக்கு முன்னாடி, முதுகுமேல ஒரு சின்ன முக்கோணத் துடுப்பு பாருங்க. முதல்ல வந்த டி ரகத்தில அது கிடையாது, பின்னாடிதான் சேத்தாங்க. முழுப் பட்டையோட, ஜூன் 1944 கோலத்தில ஒரு மாடல், ஆனா முதுகுல துடுப்பு இருக்குன்னா, அந்தக் குறிப்பிட்ட விமானத்தோட புகைப்படத்தைத் தேடிப் பாத்துட்டு வாங்கறது நல்லது.

அதே விமானத்தோட வெள்ளி நிறம். உடம்பு பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியம். இறக்கை அப்படி இல்ல. காத்து வழுக்கிட்டுப் போகணும்னு தொழிற்சாலையிலேயே இறக்கையோட ஆணித் தலையையும் இணைப்பையும் புட்டி வச்சு மூடி, தேச்சு, வெள்ளி பெயின்ட் அடிச்சாங்க. அதனால உடம்பு பளபளக்கணும், இறக்கை கொஞ்சம் மங்கலா, வழவழன்னு இருக்கணும். இறக்கை முழுக்க ஆணி ஆணியா குத்தியிருந்தா, செஞ்சவர் உழைச்சிருக்கார், படிக்கல.

ஸ்பிட்ஃபயருக்கு இதைவிட எளிய சோதனை இருக்கு. மெர்லின் எஞ்சின் வச்ச ஸ்பிட்ஃபயர்ல, பைலட் இருக்கையில இருந்து பாத்தா புரொப்பல்லர் கடிகார முள் திசையில சுத்தும். பின்னாடி வந்த கிரிஃபான் எஞ்சின் அதுக்கு நேர் எதிர். ஆக, பிளேடோட முறுக்கும் எதிர்த் திசையில இருக்கணும். அமெரிக்கக் கடற்படை விமானமான கோர்செரோட மாடல்ல காக்பிட்டுக்கு முன்னாடி மூக்குமேல வெள்ளைக் கோடு கோடா ஓடுதே, அது டேப். அங்கே உள்ள பெட்ரோல் டேங்க் கசிஞ்சு கண்ணாடியில தெளிக்காம இருக்க, மூடித் தகடோட இணைப்புல ஒட்டினது.

ஜெர்மன் விமானம் வாங்கறவங்களுக்கு: வால்ல ஸ்வஸ்திகா இல்லாம, இல்ல பாதி பாதியா வந்திருக்கும். அந்தச் சின்னத்தைப் பொதுவில காட்ட ஜெர்மனியில சட்டத் தடை இருக்கிறதால, பல கம்பெனிகள் எல்லா நாட்டுக்கும் அப்படியே அனுப்பிடறாங்க.

[திரையில்: கோர்செர், எண் 86, காக்பிட் கீழே கொடிகள்]

பிரபல பைலட்டுகளோட விமானத்துக்கு எப்பவும் கிராக்கி. வாய்ல சுருட்டோட மிக்கி மவுஸ் வரைஞ்ச, ஜெர்மன் பைலட் அடால்ஃப் காலண்டோட மெசர்ஷ்மிட் 109 எத்தனை தடவை மாடலா வந்திருக்குன்னு கணக்கே இல்ல. ஆனா பேரைப் பாத்து வாங்கறதுல ஒரு பொறி இருக்கு. கிரெகரி பாயிங்டன், அமெரிக்க மரைன் படை, 214-ம் ஸ்குவாட்ரன். காக்பிட் கீழே, வீழ்த்தின விமானக் கணக்கா வரிசையா ஜப்பான் கொடி ஒட்டின, 86-ம் எண் கோர்செர்ல அவர் உக்காந்திருக்கிற படம் ரொம்பப் பிரபலம். அது விளம்பரப் படத்துக்காகத் தயார் பண்ணின விமானம். சண்டைக்கு அவர் அன்னன்னைக்குக் கிடைச்ச விமானத்தைத்தான் எடுத்துக்கிட்டுப் போனார். அந்த மாடலை வாங்கலாம், அழகா இருக்கும். அது சண்டை நடந்த நாளைக் காட்டல, போட்டோ எடுத்த நாளைக் காட்டுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. என் பணம்னா, பேர் தெரியாத ஒரு சார்ஜன்ட் ஓட்டின, அழுக்குப் பிடிச்ச ஹரிகேனுக்குப் போகும்.

[திரையில்: அலமாரி, அடுத்து வெடிப்பு விழுந்த பழைய மாடல்]

பராமரிப்புல சொல்றதுக்கு அதிகம் இல்ல. நேர் வெயில் படக்கூடாது. தூசிக்கு மென்மையான மேக்கப் பிரஷ் போதும். துணி கையுறை வேண்டாம், ஆன்டெனாவும், வேகம் அளக்கிற பிட்டோ குழாயும் நூல்ல மாட்டி ஒடிஞ்சிடும். கையைக் கழுவித் துடைச்சுட்டு எடுங்க. பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி விக்கணும்னா பாதி மதிப்பு அதுலதான் இருக்கு.

பழசு வாங்கறவங்க மட்டும் ஒரு நோயைத் தெரிஞ்சு வச்சுக்கணும். துத்தநாகக் கலவையில ஈயம் கொஞ்சம் கலந்திருந்தா, காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு, உலோகம் உள்ளுக்குள்ளயே அரிக்க ஆரம்பிக்கும். முதல்ல லேசா உப்பும், அப்புறம் மயிரிழை மாதிரி வெடிப்பு, கடைசியில தொட்டா உதிரும். போருக்கு முன்னாடி வந்த டின்கிங்கிற பிரிட்டிஷ் உலோகப் பொம்மைகள் பலதுக்கும் இதுதான் கதி. சுத்தமான துத்தநாகம் பயன்படுத்த ஆரம்பிச்ச பிறகு இது அபூர்வமாயிடுச்சு, ஆனா அடியோட ஒழியல. மருந்து கிடையாது. பெயின்ட் மேல அடிச்சு மறைச்சு விக்கிறவங்க உண்டு. அதனால பழைய மாடலைக் கையில எடுத்ததும் மேல்பக்க அழகை விடுங்க, திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. இறக்கை வளைஞ்சிருக்கா, பெயின்ட் காரணமில்லாம எழும்பியிருக்கா, இணைப்பு ஓரத்தில கோடு விழுந்திருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும், விலை எவ்வளவு குறைவா சொன்னாலும், எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்துடுங்க.