கொஞ்சம் கலரா போடுங்கண்ணே

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் 30 வருடமாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படங்களைப் பார்த்துப் பார்த்தே நம் பிள்ளைகளுக்குத் தங்கள் முகம் பிடிக்காமல் போகிறதே, அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்றார்கள். திருடனைக் கூப்பிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசச் சொன்ன கதைதான்.

கடையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை, "கொஞ்சம் கலரா போடுங்கண்ணே." ஜாதகத்தோடு கொடுக்கிற படம் என்றால் கேட்காமலே செய்துவிடுவோம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்வார். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். அம்மைத் தழும்பு, கருவளையம் எல்லாம் போயே போய்விடும்.

கலர் பிலிமில் வேறு கூத்து. பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க லேபுகளுக்கு கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் கொடுக்கும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். பல வருடம் அவர் தோல்தான் அளவுகோல். காசிமேட்டு வெயிலில் நின்றவர் முகம் கரிக்கட்டையாக விழுந்தால் "ஆள் கறுப்பு" என்றோமே தவிர, மெஷினைச் சந்தேகப்படவில்லை.

1975-லிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. என் கடையில் யாரும் இதுவரை "கொஞ்சம் க்ளோவா போடுங்க" என்று கேட்கவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தாள். எடுத்து முடித்ததும், "மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடுங்கண்ணா" என்றாள். மூக்குக்கு என்னம்மா குறை என்றேன். போனை நீட்டினாள். ஒரு செல்ஃபி, அடுத்து அதே செல்ஃபி ஃபில்டரோடு. கன்னத்தை வழித்துவிட்ட மாதிரி, மூக்கைச் சீவிவிட்ட மாதிரி. முன்பெல்லாம் நடிகை படத்தைக் கொண்டுவந்து "இவங்க மாதிரி" என்பார்கள். நடக்காது என்று அவர்களுக்கே தெரியும், சிரித்துவிட்டுப் போவார்கள். இவள் காட்டியது தன்னையே. தன் முகத்திடமே தோற்றால் எப்படிச் சிரிப்பது?

சரி, விஷயம் இதுதான். ஒரு அடியில் போனைப் பிடித்தால் லென்சுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது மூக்கு. கிட்டத்தில் இருப்பது பெரிதாகத்தான் விழும். ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள். செல்ஃபியையும் நான் எடுத்ததையும் மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகத்தின் அகலத்தைச் சமமாக்கி, மூக்கின் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். "அப்போ இத்தினி நாளா..." என்று நிறுத்திவிட்டாள்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது என் ஷோகேஸைப் பார்த்தேன். 11 படம். எல்லாம் வெளுத்த முகம். காசிமேடும் தண்டையார்பேட்டையும் வந்துபோகிற கடையில்! தெருவில் போகிற பிள்ளைகளுக்கு நானும் ஒரு சினிமா போஸ்டர்தான்.

அவளைக் கேட்டுக்கொண்டு, டச்சிங் இல்லாமல் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு நடுவில் வைத்தேன். நாலாம் நாள் அவள் அம்மா படியேறி வந்தார்.

"பொண்ண கேட்டுத்தான் வெச்சீங்க, சரி. தெருவே பாக்குது. கொஞ்சம் கலரா போட்டு வெச்சிருக்கக் கூடாதாண்ணே?"